குறைந்த விலையில் நல்ல சாராயம் எது?

வெள்ளவத்தையில் காலி வீதியோர மதுக்கடைகளுக்கு மாலை ஆறு மணிக்குப் போகிறவர்கள் தட்டைப் பார்த்து யோசித்து நிற்பதில்லை. கம்பிவலைக்குள் காசை நீட்டும்போதே சொல்லும் கூடவே போகிறது. ஒருவர் சிங்களத்தில் "கல் பாகயக்" என்கிறார்: கல் சாராயம், அரைப் போத்தல். அடுத்தவர் விரலைக் காட்டுகிறார், கால் போத்தல் வருகிறது. பழைய தினசரித் தாளில் ஒரு சுற்று, கறுப்புப் பை, மீதிக்காசு. அரை நிமிடத்தில் ஆள் வெளியே போய்விடுவார். அந்த வரிசையில் நானும் மருமகனும் நின்றோம்.

மருமகன் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கே அவனுக்குப் பழகியது பேர்பன். "மாமா, பெரிய காசு போகாமல் நல்ல பேர்பன் ஒண்டு இங்க வாங்கேலுமே?" என்று கேட்டதில் தொடங்கியதுதான் இந்தச் சுற்று. கடைப் பையன் மேல்தட்டைக் காட்டினான். ஜிம் பீம் இருந்தது. பக்கத்தில் ஜாக் டேனியல்ஸ் இருந்தது. அது டெனசி விஸ்கி என்ற பெயரில் விற்கப்படுவது. விலையைக் கேட்டதும் மருமகன் சிரித்துவிட்டான். அவன் ஊரில் வேலைநாள் மாலைக்கு வாங்கும் சாதாரணச் சரக்கு, இறக்குமதி வரியெல்லாம் ஏறி இங்கே கல்யாண வீட்டுப் பரிசாக மாறியிருந்தது.

"அண்ணை, அந்தக் காசுக்கு நம்மட சாராயத்திலேயே நல்லது மூண்டு போத்தல் வாங்கலாம்" என்றான் பையன். வியாபாரப் பேச்சுத்தான். ஆனாலும் அதில் நியாயம் இருந்தது. மலிவான நல்ல பேர்பனைத் தேடுகிறவன் கொழும்பில் நின்றால் தேட வேண்டியது மலிவான நல்ல தென்னஞ்சாராயத்தைத்தான். அதற்கு முன், அமெரிக்காவில் மலிவான பேர்பன் ஏன் பெரும்பாலும் மோசமாக இருப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குக் காரணம் சட்டம். பேர்பன் என்று எழுதி விற்க வேண்டுமானால் அரைத்த தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது மதுசாரம் 80 வீதத்தைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் தானியத்தின் வாசமே போய்விடும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வைக்க வேண்டும். போத்தலில் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. வெளியிலிருந்து நிறமோ சுவையோ ஒரு துளியும் சேர்க்கக்கூடாது. கெண்டக்கியின் மிக விலை உயர்ந்த போத்தலுக்கும், எவன் வில்லியம்ஸ் மாதிரியான கீழ்த்தட்டுப் போத்தலுக்கும் இந்த விதிகள் ஒன்றே. விலை குறைந்தால் பீப்பாயில் கிடந்த காலம் குறையலாம், போத்தலின் அலங்காரம் குறையலாம். உள்ளே இருப்பது வேறொன்றாகிவிடாது.

இது தானாக வந்த ஒழுங்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கேயும் வெறும் மதுசாரத்தில் நிறமும் சுவையும் கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அதை எதிர்த்துத்தான் 1897இல் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ சட்டம் வந்தது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசாங்கக் கண்காணிப்பில் குறைந்தது 4 வருடம், 50 வீத மதுசாரம். 1909இல் ஜனாதிபதி டாஃப்ட் அந்தச் சண்டைக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார். வெறும் மதுசாரம் கலந்திருந்தால் கலவை என்று லேபலில் எழுதியே விற்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று மருமகன் ஸ்காபரோவில் கண்ணை மூடிக்கொண்டு கீழ்த்தட்டில் கைவைக்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தச் சண்டைகள் இருக்கின்றன.

எங்கள் தட்டுக்கு வருவோம். கல் என்று ஊரெல்லாம் கூப்பிடுவது இலங்கை வடிசாலைக் கம்பனியின் எக்ஸ்ட்ரா ஸ்பெஷல். நாட்டில் எங்கே போனாலும் முதலில் கண்ணில் படும் போத்தல் அதுதான். மதுசாரம் 33.5 வீதம். அது கலவைச் சாராயம்: தென்னங்கள்ளில் வடித்ததோடு வேறு மதுசாரமும் சேர்ந்தது. அந்த வேறு மதுசாரம் சீனி ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுக்கப்படுகிற வகை. பெல்வத்தை, செவனகல ஆலைகளிலும் அது உற்பத்தியாகிறது. அதில் தப்பொன்றும் இல்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். என் மனக்குறை வேறு. பையனிடம் கேட்டுப் போத்தல்களை ஒவ்வொன்றாக வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மதுசார வீதம் இருந்தது, அளவு இருந்தது, எச்சரிக்கை இருந்தது, மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இருந்தது. கலவைப் போத்தலில் தென்னை எத்தனை வீதம் என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. வாங்குகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்துவிட்டது. அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் விளம்பரம் இல்லாத இடத்தில் வாங்குகிறவனுக்கு மிஞ்சுவது அந்த ஒரு சிறு காகிதம்தான். அதாவது முழுதாகப் பேச வேண்டாமா?

எங்களுக்குப் பின்னால் நின்ற வயதான ஒருவர், "திக்கம் பனஞ்சாராயம் இருக்கோ தம்பி?" என்று கேட்டார். "இல்லை ஐயா, இங்க வாறேல்ல." வடமராட்சியின் திக்கம் வடிசாலைச் சரக்கைக் கேட்டு வெள்ளவத்தையில் இப்படி ஆட்கள் வருவது உண்டாம். அவர் வேறொன்றும் வாங்காமல் ரயில் நிலையப் பக்கம் திரும்பிப் போனார்.

தென்னைச் சாராயத்தின் விலை எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அந்த நிலையத்தில் ரயிலேறித் தெற்கே போக வேண்டும். வாதுவை, களுத்துறை, பயாகலைப் பக்கம் யன்னலால் அண்ணாந்து பார்த்தால் தோப்புகளில் மரத்துக்கு மரம் இரட்டைக் கயிறு கட்டியிருப்பது தெரியும். கீழ்க்கயிற்றில் கால், மேல்கயிற்றில் கை. சீவல் தொழிலாளி ஒரு மரத்தில் ஏறினால் இறங்காமலே பல மரங்களுக்குப் போய்விடுவார். விரியாத பாளையை இறுக்கிக் கட்டி, கட்டையால் பதமாகத் தட்டி, நுனியைப் பாளைக்கத்தியால் தினமும் மெல்லியதாகச் சீவி, முட்டியைக் கட்டி வைப்பார். சொட்டுகிற சாறு முட்டியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஈஸ்ட் யாரும் போட வேண்டியதில்லை, காற்றிலும் முட்டியிலும் இருப்பதே போதும். ஒரு நாளுக்குள் வடிசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், பிந்தினால் வினாகிரிதான் மிஞ்சும். சோளத்தை மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். கள்ளை வைக்க முடியாது. அதோடு கயிற்றிலிருந்து விழுந்தால் உயிர் போகும். மகனை இந்தத் தொழிலுக்கு விட விரும்பும் தகப்பன் இன்று அரிது. தூய தென்னஞ்சாராயத்துக்கும் கலவைக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. அந்த வித்தியாசத்தைக் கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155 பஸ்ஸில் போனோம். இரண்டு தமிழ்க் கொழும்பையும் ஒரே டிக்கெட்டில் இணைக்கும் பஸ் அது. காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும். கொட்டாஞ்சேனையில் சென் லூசியா பேராலயத்தின் கோபுரம் தெரியும் ஒழுங்கை ஒன்றில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணர் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பெற்றோர் காலத்திலிருந்தே கொழும்பு. பேச்சில் வெள்ளவத்தையின் யாழ்ப்பாண வாடை கிடையாது. வாரத்துக்கு ஒரு மாலை, இரண்டு கிளாஸ், அதற்கு மேல் இல்லை என்பதை நான் அறிந்த காலம் முழுக்கக் காப்பாற்றி வருகிறவர்.

வழியில் ஜம்பட்டா வீதிப் பக்கத்துக் கடையொன்றில் எட்டிப் பார்த்தோம். வெள்ளவத்தையில் அரைப் போத்தல் போகிற வேகத்தில் இங்கே கால் போத்தல், 180 மில்லி, போகிறது. நாட்கூலிக்காரர்கள் அன்றைய கூலியில் அன்றைய அளவை வாங்குகிறார்கள். 2023 ஜனவரியில் மதுவரி 20 வீதம் ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமாயிற்று. 2025 ஜனவரியில் மதுவரி மறுபடியும் ஏறியது. முழுப் போத்தல் வாங்கியவர் அரைக்கும், அரை வாங்கியவர் காலுக்கும் இறங்கியதைக் கடைக்காரர் கை அசைவிலேயே காட்டினார். காலுக்கும் வழியில்லாதவர் எங்கே போகிறார் என்று கேட்டேன். "கசிப்புக்குத்தான் அண்ணே, வேற எங்க?" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வியாபாரம் இல்லை. வரி கூடினால் குடி குறையும் என்ற கணக்கில் உண்மை உண்டு. எண்ணெய்ப் பீப்பாயில் களவாகக் காய்ச்சிய கசிப்பு அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது, அதைக் குடிக்கிறவனின் வீடும் வெளியே நிற்கிறது.

அந்தக் கடையில் நின்ற நேரத்தில் ஒரு பெண்கூட வரவில்லை. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்ற 1955ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை ரத்துச் செய்ய வைத்தார். குடிக்கச் சொல்லி யாரையும் நான் தூண்டவில்லை. ஆனால் வயது வந்த ஒரு பெண் தன் காசில் எதை வாங்கலாம் என்பதை வர்த்தமானி தீர்மானிப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

அண்ணர் வீட்டில் மேசைமேல் மூன்று கிளாஸ். ஒன்றில் கல். இரண்டாவதில் "பழையது" என்று பொருள்படும் பெயருள்ள போத்தல் ஒன்றிலிருந்து. மூன்றாவதில் தூய தென்னைச் சாராயம் என்று லேபலில் தெளிவாக எழுதியிருந்த ஒன்று. எது எதில் என்று மருமகனுக்கு அவர் சொல்லவில்லை.

"வாயில வைக்காதீங்க தம்பி. முதல்ல கையில தேய்ச்சுப் பாருங்க" என்றார்.

உள்ளங்கையில் சில துளி விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, மதுசாரம் பறந்து கை காயும் வரை பொறுத்து முகர வேண்டும். துறைமுகத்துப் பழைய ஆட்கள் செய்வார்களாம். முதல் கிளாஸில் காய்ந்த பிறகு மிஞ்சியது கருகிய சீனி வாசம், அதுவும் மெல்லியதாக. இரண்டாவதில் கொஞ்சம் கனம் கூட, அடியில் ஏதோ புளிப்பு. மூன்றாவதில் கை காய்ந்த பின்னும் கள்ளு வாடை நின்றது. தேங்காய்ப் பூவின் மணம், பழுத்த வாழைப்பழம், கொஞ்சம் வெண்ணெய். கையைக் கழுவும் வரை அது போகவில்லை. மருமகன் மூன்றாவது கிளாஸைத் தொட்டு, "இதில மரம் இருக்கு மாமா" என்றான். தென்னையா பீப்பாயா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் சரிதான்.

பீப்பாய் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கேதான் பேர்பன் குடித்துப் பழகியவர் ஏமாந்து போகலாம். எங்கள் சாராயம் ஊறுவது பெரும்பாலும் ஹல்மில்ல மரத்துப் பெரிய தொட்டிகளில். ஆங்கிலேயர் அதைத் திருகோணமலை மரம் என்று எழுதினார்கள். சென்னைக் கரையில் ஓடிய மசூலாப் படகுகளுக்கும் போன மரம் அது. கருக்கிய புதிய ஓக்கைப்போல வனிலா வாசத்தையும் செம்மையையும் அது அள்ளிக் கொடுக்காது. பழைய தொட்டி, பெரிய கொள்ளளவு, மெதுவான வேலை. முரட்டுத்தனம் அடங்கும், கள்ளின் மணம் மேலே வரும், நிறம் இளம் பொன்னாகவே நிற்கும். கலவைப் போத்தலில் நிறம் கேரமலிலிருந்து வருவது சாதாரணம். ஆகவே நிறம் கறுத்திருந்தால் பழையது என்று நம்புவதற்கு இங்கே ஆதாரம் இல்லை. பழையது என்ற சொல்லுக்கும் அப்படித்தான்: எத்தனை வருடம் என்று லேபல் சொன்னால் அதற்குக் காசு கொடுக்கலாம். இரண்டாவது கிளாஸின் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், வருடம் கிடைக்கவில்லை.

பிறகு அண்ணர் ஒரு கணக்குப் போட்டார். கணக்கில் அவர் கெட்டி. 750 மில்லி போத்தலில் 33.5 வீதம் என்றால் உள்ளே 251 மில்லி மதுசாரம். 36.8 வீதம் என்று எழுதிய போத்தலில் 276. மருமகனின் பேர்பனில் குறைந்தது 300. விலையைப் போத்தலால் பிரிக்காமல் இதனால் பிரித்துப் பார்த்தால் மலிவு என்று தோன்றியது சில நேரம் மலிவாக இருக்காது, விலை கூடியதாகத் தோன்றியது பக்கத்தில் வந்துவிடும். தண்ணீரை நாமே வீட்டில் சேர்க்கலாம், அதற்கு வரி கட்ட வேண்டியதில்லை என்றார்.

குடித்துப் பார்த்ததில் என் முடிவு இது. தனியாகவோ கொஞ்சம் தண்ணீரோடோ மெதுவாகக் குடிக்கிறவருக்குத் தூய தென்னை என்று எழுதிய போத்தல்களில் மிகக் கீழ் விலையில் இருப்பதுதான் நல்லது. அலங்காரப் பெட்டிக்கும் கண்ணாடி மூடிக்கும் மேலதிகக் காசு தேவையில்லை. ரொக்லண்ட் வடிசாலை வெளிநாட்டுக்கும் அனுப்பும் சிலோன் அரக் தூய தென்னைதான், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுமதித் தோரணைக்காக வாங்க வேண்டாம், உள்ளே இருப்பதற்காக வாங்கலாம். எலிஃபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரும் தேசிக்காயும் சேர்த்துக் குடிக்கிறவருக்குக் கல் போதும். இஞ்சி உறைக்கும்போது தூய தென்னையின் மெல்லிய மணம் எப்படியும் தெரியாது, அதில் அந்தக் காசைக் கொட்டுவது சீவல் தொழிலாளியின் உழைப்பை வீணாக்குவதுதான். இரண்டாவது கிளாஸ்தான் என்னைக் கோபப்படுத்தியது. கலவையின் விலையிலும் இல்லை, தூயதின் மணத்திலும் இல்லை. பெயருக்கு மட்டும் காசு கேட்கிற போத்தல் அது.

கடித்துக்கொள்ள மரவள்ளிப் பொரியல் வந்தது. அண்ணர் தன் இரண்டாவது கிளாஸோடு நிறுத்திக்கொண்டு பழைய கதைக்குப் போனார். சாராயக் குத்தகைக் காலத்தைப் பற்றி. ஆங்கிலேயர் ஊர் ஊராகச் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட, மொறட்டுவை, பாணந்துறைக் குடும்பங்கள் அதை எடுத்துப் பணக்காரர்களானார்கள். ஜெரோனிஸ் டி சொய்சாவின் செல்வத்துக்கு அந்தக் குத்தகை ஓர் ஊற்று. பிறகு கோப்பித் தோட்டங்கள். அந்தக் குடும்பத்தின் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த கொடையில் 1879இல் உருவானதுதான் கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை. "நான் பொறந்ததே அங்கதான் தம்பி" என்றார் அண்ணர். அதே சாராயத்துக்கு எதிராக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இந்த நாட்டுத் தேசிய அரசியலுக்கே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. நல்லதும் கெட்டதும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்கின்றன, இரண்டையும் மறைக்காமல் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். லேபலில் தென்னையின் வீதத்தை அச்சிடச் சட்டம் செய்ய வேண்டும் என்று நான் கேட்பதும் அதனால்தான். அது குடியை வளர்க்காது. 33.5 என்று அச்சிடத் தெரிந்த இயந்திரத்துக்கு இன்னோர் எண் பாரமும் இல்லை. மரத்தில் ஏறுகிறவனுக்குக் கள்ளின் விலை கூடக் கிடைக்கலாம். எரிசாராயத்தைத் தென்னையின் பெயரில் விற்கிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம் வரலாம்.

அடுத்த நாள் போயா. கடைகள் மூடியிருக்கும் என்பதால் அன்றிரவே ஜம்பட்டா வீதிக் கடைக்குத் திரும்பி நடந்தோம். கனடாவுக்குள் ஒரு ஆள் வரியின்றிக் கொண்டுபோகக்கூடியது 1.14 லீற்றர். மருமகன் தூய தென்னையில் 750 மில்லி ஒன்றும், கல்லில் 375 மில்லி ஒன்றும் கேட்டான். இரண்டும் சேர்த்து 1,125. முழுப் போத்தல் வீட்டுக்கு, அரை சிநேகிதர்களுக்குக் கையில் தேய்த்துக் காட்ட என்றான். மூடியையும் ஸ்டிக்கரையும் கடை வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தோம்.